கூத்தையா பார்த்த புலி

முதுகுளத்தூருக்கும் சாயல்குடிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் பக்கத்து ஊர்களில், புலியைக் கண்ணால் பார்த்த ஆள் கூத்தையா ஒருவர்தான். மற்றவர்களுக்குப் புலி என்றால் தீப்பெட்டியில் ஒட்டியிருக்கும் படம். ஆனாலும் அவரிடம் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. வெளியூர் ஆள் தெரியாமல் கேட்டுவிட்டால், பக்கத்தில் இருப்பவர் தொடையைக் கிள்ளிப் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கம். அவருக்கு முப்பது வயதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கும். வானம் பார்த்த கரிசலில் கொஞ்சம் மிளகாய், இருபது வெள்ளாடு, மனைவி சேதுலட்சுமி, ஒரே மகள் முருகேஸ்வரி. மகள் ஐந்து வயதில் அம்மை கண்டு கண் சொருகிக் கிடந்தபோது, பிழைத்தால் ஒரு கிடாய் என்று எல்லைக் கருப்பனுக்கு வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்து நடந்தாள். அன்றைக்கே ஒரு கறுப்புக் குட்டியின் வலது காதைக் கீறிச் சாமிக்கு விட்டார். மாசி மாதம் சாமிக்கு எடுக்கும் களரித் திருவிழாவில் வெட்டுவதாகப் பேச்சு. மழையே இல்லாத ஊரில் களரி எங்கே நடக்கும்? இரண்டு மாசி சும்மா போயிற்று.

மூன்றாவது கோடையில் உடைமரம்கூட இலை விடவில்லை. ஆடுகள் நின்ற இடத்தில் மடங்கி விழுந்தன. சாயல்குடி ஆட்டு வியாபாரி ஹமீது வந்தபோது, மிஞ்சியிருந்ததை எல்லாம் விற்று ஓட்டிவிட்டார் கூத்தையா, சாமிக் கிடாயையும் சேர்த்து. அடுத்த ஈற்றில் வேறு குட்டி விடுகிறேன் என்று கருப்பன் இருந்த திசையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். உப்பளத்துக் கூலிக்குப் போயிருந்த சேதுலட்சுமி சாயங்காலம் வந்து பட்டியைப் பார்த்தாள்.

"கருப்பன் கிடா எங்க?"

"வேற விட்டுக்கலாம்னு சொல்லிட்டேன்."

"நீ சொன்ன. அது சரின்னுச்சா?"

இருபது நாள் போகவில்லை, முருகேஸ்வரிக்குக் காய்ச்சல். முதுகுளத்தூர் கம்பவுண்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "இது சாதாக் காய்ச்சல் இல்லப்பா. ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. நாளக் கடத்தாத" என்றார். ஊரில் கோடாங்கி இருளாண்டி உடுக்கை அடித்துக் குறி பார்த்து வேறு சொன்னார். "குடுத்தத எடுத்துட்ட. அதே கிடா வரணும். அது வார வரைக்கும் பிள்ள எல்லையத் தாண்டக்கூடாது."

விற்கும்போது இல்லாத பயம் அப்போது வந்து கூத்தையாவைப் பிடித்துக்கொண்டது. நல்ல மனிதர்தான். ஆனால் பயந்த மனிதருக்கு அறிவு கிட்டத்தில் நிற்பதில்லை. விடியுமுன் சாயல்குடிக்கு நடந்தார். ஹமீது அவர் சொன்னதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நேந்துவிட்ட கிடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேனே, கூத்தையா. காதுல கீறல் எல்லா ஆட்டுலயும்தான் கெடக்கு. கம்பம் சந்தையில ஒரு விடுதிக்காரன் வாங்கிட்டுப் போனான். குமுளிக்கு மேல காட்டுல புலி பாக்க வாரவுகளுக்கு ஆட்டக் கட்டி வச்சுக் காட்டுவாகளாம். அல்லா மேல பாரத்தப் போட்டுட்டுப் போய்ப் பாரு, இருந்தாலும் இருக்கும்."

வீட்டுக்கு வந்து துண்டை உதறித் தோளில் போட்டார். சேதுலட்சுமி மறித்தாள். "கிடாய அப்புறம் தேடலாம். மொதல்ல பிள்ளையத் தூக்கு."

"ரெண்டே நாளு. புலிக்காட்டுக்குப் போயிக் கிடாயோட வந்துருவேன். அது வரைக்கும் எல்லையத் தாண்ட மாட்டேன்னு பிள்ள தலையில கைய வச்சுச் சொல்லு."

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவரே அவள் கையை இழுத்துப் பிள்ளையின் தலையில் வைத்தார். முருகேஸ்வரி கண்ணைத் திறந்தாள்.

"புலியவாய்யா பாக்கப் போற?"

"ஆமாத்தா."

"எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் மொதல்ல சொல்லணும்."

"ஒனக்குத்தான் மொதல்ல" என்றார்.

பஸ், ரயில், மறுபடி பஸ் என்று மாறி மாறிப் போய்க் குமுளியில் இறங்கிக் காட்டுக்குள் நடந்தபோது அவருக்கு ஆத்திரமாக வந்தது. பார்த்த இடமெல்லாம் தழை. தின்ன ஆளில்லாமல் மண்ணில் விழுந்து மட்கிக் கிடந்தது. இதில் ஒரு வண்டி தழை ஊரில் இருந்திருந்தால் அந்தக் கிடாயை விற்றிருக்க வேண்டாம். தூரத்து மேட்டில் யானைகள் மேய்ந்தன. மான்கள் நின்று பார்த்துவிட்டு ஓடின. அதையெல்லாம் காணக் காசு கொடுத்து வருகிறார்கள். அவர் ஒரு கறுப்பு ஆட்டை மட்டும் தேடினார்.

விடுதியின் சமையல்காரர் வீரையா விவரம் கேட்டு உச்சுக்கொட்டினார். "அந்தக் கறுப்பா? நாலு நாளாக் கட்டுறோம், புலி வரல. கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. இன்னிக்கும் கட்டியாச்சு. தண்ணிக் கூஜாவத் தூக்கிட்டு என்கூடப் பரணுக்கு வா. புலி வராட்டி மொதலாளிகிட்டக் கேட்டு வாங்கித் தாரேன்."

பரண் மேலே மெட்ராஸ்காரர்கள் ஐந்தாறு பேர் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே முளைக்குச்சியில் கிடாய். வலது காதில் கீறல். ஐந்தாம் நாளும் தப்பிவிடும் என்று கூத்தையா நம்பத் தொடங்கிய நேரத்தில் புதர் விலகியது.

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கிடாய்க்கும் புலிக்கும் நடுவில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "கருப்பா, தெரியாமச் செஞ்சுட்டேன். என் பிள்ளைய விட்ரு." புலி நின்றது. அவரைப் பார்த்தது. பிறகு, அவசரமே இல்லாமல், திரும்பி வந்த வழியே போய்விட்டது.

பரணிலிருந்து ஒரே வசவு. விடுதி முதலாளி அவர் கழுத்தில் கையைக் கொடுத்துத் தள்ளினார். "இந்தச் சனியன அவுத்துக்கிட்டுக் கண்ணுல படாமப் போய்த் தொல" என்றார். கூத்தையாவுக்கு அது காதில் தேனாக விழுந்தது. சாமி மன்னித்துவிட்டது. கண்ணெதிரே வந்து, பார்த்து, மன்னித்துவிட்டுப் போயிருக்கிறது.

திரும்பும் வழியெல்லாம் கிடாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டே வந்தார். கண் எப்படி, வால் எப்படி ஆடியது, காலை எப்படிப் பதித்து நடந்தது என்று மகளுக்குச் சொல்லவேண்டியதை ஒழுங்குபண்ணிக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்ன ஏது என்று கேட்டதற்கு, "ஊருல போய்த்தான் சொல்லணும்" என்று சிரித்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

போய் வர ஐந்து நாள் ஆகியிருந்தது. எல்லையில் இறக்கி விட்டதும் கிடாய் வழி தெரிந்து முன்னால் ஓடியது. ஊருணியில் தண்ணீர் மோந்துகொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவர் புலியின் முன்னால் கைகூப்பி நின்றாரே, அதற்கு முந்தின நாளே முருகேஸ்வரியைப் புதைத்துவிட்டிருந்தார்கள்.

சேதுலட்சுமி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழுகை தீர்ந்துபோன முகம்.

"எல்லையத் தாண்டல" என்றாள். "நீ சொன்ன மாதிரியே வச்சிருந்தேன்."

அதற்குப் பிறகு அவரிடம் அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிக் கேட்டவர் இல்லை. கிடாயையும் யாரும் வெட்டவில்லை; யாருக்காக வெட்டுவது? கிழடாகிப் பல் உதிரும் வரை அது அந்த வாசலிலேயே கிடந்தது. அவள்தான் கஞ்சி வைத்தாள்.

கூத்தையா எழுபது வயதைத் தாண்டியும் உயிரோடு இருந்தார். புலி எப்படி இருந்தது என்று கடைசிவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. முதலில் மகளிடம் சொல்வதாகத்தான் பேச்சு.