கூட்டேரிப்பட்டு தாண்டிட்டாரு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அயரலாம் என்று பாயை விரித்தேன். "அய்யய்யோ, அவன விட்டுட்டாங்களே!" என்று பக்கத்தில் ஒரே கூச்சல். பதறி எழுந்தால், என் மகன் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். கபடி வீரர்களை ஏலம் விடுகிறார்களாம். கோட்டு போட்டவர்கள் மேசை மேசையாக உட்கார்ந்து பலகையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். திரையில் ஒரு பையன் தொடையைத் தட்டிக்கொண்டு நிற்கிறான்.

எங்கள் வீட்டில் ஏலம் என்றால் அது மல்லாட்டை ஏலம்தான், நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். விழுப்புரத்து விற்பனைக்கூடத்தை நாங்கள் கமிட்டி என்போம். அப்பா மூட்டையை இறக்கிவிட்டு ஓரமாக நிற்பார். வியாபாரி ஒரு பிடி அள்ளி, நாலு காயை உடைத்து, பருப்பு திரட்சியாக இருக்கிறதா என்று உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். அதுவரை அப்பாவுக்கு மூச்சே வராது. திரையில் இருந்த பையனின் முகத்தில் அந்த மூச்சைத்தான் பார்த்தேன்.

எங்களையும் ஒருநாள் அப்படி உடைத்துப் பார்த்துத்தான் எடுத்துப் போனார்கள். கோட்டு இல்லை, பலகை இல்லை, ஒரு ஜீப் மட்டும் இருந்தது. கிளியனூர்ப் பக்கம் புதிதாக வந்திருந்த தனியார் கல்லூரியின் ஜீப். அதில் உடற்பயிற்சி ஆசிரியர் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுகிற பெண்பிள்ளைகளைப் பார்த்துவைப்பார். நாங்கள் அவரைப் பி.டி. சார் என்போம். பரம சாது. கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கும் வந்தார். கட்டணம் கிடையாது, விடுதி இலவசம், மூன்று வருசம் கல்லூரிக்காகக் கபடி ஆட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கையி காலு ஒடிஞ்சா யாரு சார் பாக்கறது?"

"காலேஜ் பாத்துக்கும்ங்க. அதுக்கு நான் பொறுப்புங்க" என்றார் சார். மனசாரத்தான் சொன்னார்.

பெண்கள் கபடி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தாளாளர் அரிசி ஆலையில் தொடங்கி, பஸ் விட்டு, கல்லூரி கட்டியவர். அடுத்து சட்டசபைக்குப் போக ஆசை. அதற்குப் பேர் வேண்டும். கிரிக்கெட் என்றால் மட்டை, வலை, ஆடுகளம் என்று இழுத்துக்கொண்டே போகும். கபடிக்கு மண்ணும் பிள்ளைகளும் போதும். ரெண்டும் எங்கள் பக்கம் மலிவு.

எங்கள் பனியனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதுகில் கல்லூரிப் பெயர், நெஞ்சில் தாளாளர் கைகூப்பிச் சிரிக்கும் படம். எதிரணிப் பெண் மடக்கிப் பிடிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் முதலில் மண்ணில் தேயும். பனியன் நிறம் அவருடைய வேட்டிக் கரையின் நிறம். நான் முதல் வருசம் படிக்கும்போது அவர் கட்சி மாறினார். அடுத்த வாரமே எங்களுக்குப் புதுப் பனியன் வந்துவிட்டது. பழையதைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குக்கூட வரக்கூடாது என்று உத்தரவு. விடுதியில் தரை துடைக்க ஆயிற்று.

இந்தப் பனியன் வாசனையை நினைத்தால் கூடவே கருவாட்டு வாசனை வரும். காரணம் அஞ்சலை. பொம்மையார்பாளையத்துக் கடற்கரைப் பெண், எங்கள் கேப்டன். பனியனும் முட்டி உறையும் வைக்கிற பையின் அடியில் தாள் சுற்றிக் கருவாடு வைத்திருப்பாள். விடுதிச் சாம்பார் அவளுக்குத் தண்ணி. வார்டன் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தால், "வேர்வ நாத்தம் மேடம், தினமும் ஆடறோம் இல்ல?" என்பாள். நான் ஊரிலிருந்து கொண்டுபோகிற கேப்பை அடையும் அவள் கருவாடும் சேர்ந்தால் எங்களுக்கு அன்றைக்கு விருந்து.

அவள் ஆட்டத்தை எப்படிச் சொல்வது? பிறந்ததிலிருந்து மணலில் ஓடிய கால். மணலில் ஓடினவளுக்குக் கெட்டித் தரை கிடைத்தால் கேட்க வேண்டுமா? பாடிக்கொண்டு எதிரணிக்குள் போவாள், யாரையாவது தொடுவாள், பிடிக்க வருகிறவர்கள் கைகோத்து முடிப்பதற்குள் அவர்கள் தலைக்கு மேலே எகிறித் திரும்பியிருப்பாள். அவளுக்கு ஒரே கனவு, ரயில்வே வேலை. விளையாட்டுக்காரர்களுக்கு ரயில்வேயில் வேலை உண்டென்று பி.டி. சார் சொன்னதிலிருந்து அதே பேச்சுத்தான். "எங்கப்பா கடலுக்குப் போனா வருவாரான்னு பாத்துக்கினே எங்கம்மா நரைச்சிப் பூட்டாடி. ரயிலு கரெக்டா வரும்" என்பாள்.

இரண்டாம் வருசம் கோடையில் எங்கள் கல்லூரியிலேயே ஒரு போட்டி நடந்தது. தாளாளருடைய அப்பாவின் நினைவுச் சுழற்கோப்பை. காலையில் அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம். சாயங்காலம் சென்னை அணி ஒன்றோடு இறுதி ஆட்டம். அதைப் பார்க்க, ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கிற பயிற்சியாளர் அம்மா ஒருவர் வந்திருந்தார். பி.டி. சார் பலமுறை கடிதம் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தது. அஞ்சலைக்காக மட்டும்தான்.

சுற்றி ஓடி, உடம்பை முறுக்கி, சூடேற்றிக்கொண்டு தயாராக இருந்தோம். ஒலிபெருக்கியில், வீராங்கனைகள் களத்தில் வரிசையாக நிற்கவும் என்று அறிவிப்பு. தலைமை விருந்தினர் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி, படம் எடுத்த பிறகுதான் ஆட்டம் தொடங்க வேண்டும். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் இது எழுதாத சட்டம். விருந்தினர் கட்சியில் பெரிய ஆள். தாளாளருக்கு எம்.எல்.ஏ. சீட்டு அவர் வாயில் இருந்தது.

நின்றோம். வெயில் முகத்தில் அடித்தது. மைக்செட்காரர் மேடை ஏறி, "தலைவர் வந்துக்கினே இருக்காரு. கூட்டேரிப்பட்டு தாண்டிட்டாரு" என்றார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வருகிற வழியில் இருக்கும் கூட்டுரோடு அது. அங்கிருந்து எங்கள் கல்லூரி அப்படியொன்றும் தூரமில்லை. இன்னும் நின்றோம். மறுபடி மைக்: "கூட்டேரிப்பட்டு தாண்டிட்டாரு." கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தொடை கட்டை மாதிரி இறுகிக்கொண்டு வந்தது.

பி.டி. சார் தாளாளரிடம் போய்க் குனிந்து பேசியது எங்களுக்குக் கேட்டது.

"சார், பிள்ளைங்க ஒடம்பு ஆறிடுச்சி சார். ஆட்டத்த ஆரம்பிச்சிடலாம், அவரு வந்ததும் நிறுத்திக்கலாம் சார்."

"யோவ், அவரு வரும்போது பாதி ஆட்டம் ஓடிக்கினு இருந்தா என்னா மரியாத? சும்மா இருய்யா."

ரயில்வே அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதும் எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். விழுப்புரத்தில் அவருக்கு ரயில். கடைசியில் எங்கள் வரிசைக்கு வந்து அஞ்சலையின் தோளைத் தொட்டு, "இன்னொரு தடவை பாப்போம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அஞ்சலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் வேட்டும் மேளமுமாகத் தலைவர் வந்தார். ஆளுயர மாலை. மைக்கைப் பிடித்து, கைப்பந்தில் இந்தப் பிள்ளைகள் தமிழ்நாட்டுக்கே பெருமை சேர்ப்பதாகச் சொன்னார். யாரும் திருத்தவில்லை. அடுத்த ஊரில் அவருக்குக் காதுகுத்து இருந்ததால் ஆட்டம் முடிகிறவரை இருக்க முடியாதாம். "கப்ப இப்பவே குடுத்துடலாமே" என்றார். ஆடாத ஆட்டத்துக்குக் கோப்பை கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அஞ்சலையைக் கூப்பிட்டு, ஒரு பக்கம் தலைவரும் ஒரு பக்கம் தாளாளரும் நின்று, கோப்பையை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். எடுத்ததும் அதைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்தார்கள்.

"சீக்கிரம் விசில் அடிங்க, தலைவர் ஒரு ரெய்டாவது பாக்கட்டும்" என்றார் தாளாளர். ஒரு சுற்று ஓடிவிட்டு வருகிறோம் என்று கேட்டோம். விடவில்லை.

அஞ்சலை பாடிக்கொண்டு போனாள். ஓரத்தில் இருந்தவளைத் தொட்டாள். மூன்று பேர் மடக்க வந்தார்கள். எப்போதும்போல எகிறினாள். இறங்கும்போது வலது முட்டி உள்பக்கமாக மடிந்தது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. விழுந்தவள் விழுந்தபடியே உடம்பை முன்னால் எறிந்து கையை நீட்டினாள். விரல் நடுக்கோட்டைத் தாண்டியது. நடுவர் பாயிண்ட் கொடுத்தார். தலைவர் கைதட்டிவிட்டு, அப்படியே எழுந்து காருக்குப் போனார்.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். மறுநாள் பேப்பரில், கோப்பையை வென்ற கல்லூரி அணி என்று போட்டு அஞ்சலையின் படம் வந்திருந்தது.

ஜீப்பில் பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முட்டி ஜவ்வு அறுந்துவிட்டது, ஆபரேசன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். கட்டுப் போட்டு அனுப்பியதோடு கல்லூரியின் கை நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் தாளாளர் அறைக்குப் போய் நின்றோம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்போம். "எலெக்சன் முடியட்டும்மா, பாத்துக்கலாம்" என்றார் சிரித்த முகமாக. பி.டி. சார் வாசலில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். அப்பாவிடம் அவர் சொன்ன வார்த்தை எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

விடுதியில் அஞ்சலை காலை நீட்டிப் படுத்துக்கொண்டு சொன்னாள், "என் ஆபரேசனு கூட்டேரிப்பட்டு தாண்டிடுச்சாம்டி." நாங்கள் சிரித்தோம். அப்புறம் யாராலும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

சீட்டு தாளாளருக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தலைவரின் மச்சானுக்குப் போயிற்று. இவருக்குக் கபடி என்றாலே கசந்துவிட்டது. ஆடுகிறவர்களுக்குத்தான் விடுதி இலவசம் என்று அஞ்சலையை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருசம் அணியையே கலைத்தார்கள். பி.டி. சாரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் அப்பா தயவில் படிப்பை முடித்தேன்.

இப்போது திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். விளையாட்டு விழாவில் விருந்தினருக்காகப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேரே போய், "ஓடுங்கடா, ஒரு எடத்துல நிக்காதீங்க" என்று விரட்டிவிடுவேன். கணக்கு டீச்சருக்கு மைதானத்தில் என்ன வேலை என்று எனக்குப் பின்னால் பேசுவார்கள். பேசட்டும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் கல்லூரிக்குள் எட்டிப் பார்த்தேன். வேறு யாரோ வாங்கிவிட்டார்கள், பெயரும் வேறு. செம்மண்ணும் மரத்தூளும் கொட்டி, தினமும் சாயங்காலம் நாங்களே தண்ணீர் தெளித்து மெழுகிய எங்கள் ஆடுகளம் சிமெண்ட் பூசிய பஸ் ஷெட்டாகிவிட்டது. வரிசையாக மஞ்சள் பஸ்கள். கீழே டீசல் கறை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏலம் முடிந்ததும் அஞ்சலைக்குப் போன் போட்டேன். ஊரிலேயே ஒரு கடற்கரை விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொள்கிறாள். மாடிப்படி ஏறுவதற்கு மட்டும் வேறு ஆளை அனுப்புவாள்.

"பாத்தியாடி டிவிய?"

"பாத்துக்கினுதான் இருந்தேன். ஆட்டத்துல ஒரு பையன் முட்டியப் புடிச்சிக்கினு உக்காந்தா எத்தினி பேரு ஓடி வராங்க பாத்திருக்கியா? ஐஸு, ஸ்பிரே, டாக்டரு... ஒரு முட்டிக்காகடி."

கல்லூரிக்குப் போனதைச் சொன்னேன். பஸ் ஷெட்டைச் சொன்னேன். நடுக்கோடு எந்த இடத்தில் இருந்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றேன்.

"என் கையி தாண்டிச்சில்ல?" என்றாள்.

இத்தனை வருசத்தில் அவள் அதை என்னிடம் கேட்டதே இல்லை.

"தாண்டிச்சிடி. பாயிண்ட் குடுத்தாங்க. நான் பாத்தேன்."

"அது போதும்னு சொல்ல மாட்டேன்" என்றாள் அஞ்சலை. "ஆனா தாண்டிச்சி."