சோதனையை அணைத்துவிட்டால் பாஸா?

இன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் பஸ்ஸில், என் மருமகளிடம் அவளுடைய மேனேஜர் போனில் கத்தியது எனக்கே கேட்டது.

அவர்கள் எழுதுவது ஆஸ்பத்திரிகளுக்கான மருந்தளவு மென்பொருள். புதிதாக எழுதியதை ஒரு கருவி தானாகவே கட்டமைத்து ('பில்ட்' என்பார்கள்), சோதித்து, எல்லாம் சரியென்றால் பச்சை காட்டும்; தப்பு இருந்தால் நிறுத்திவிடும். காலையில் நிறுத்திவிட்டது.

"டெஸ்டை ஆஃப் பண்ணிட்டு பில்டை ஓட்டுங்க. கிளையன்ட்டுக்குப் பச்சை தெரிஞ்சாப் போதும்."

"சார், குழந்தைக்குப் பெரியவங்க டோஸ் காட்டுது. ஆஃப் பண்ண மாட்டேன்."

"அப்ப நாளையிலேர்ந்து இந்த டீம்ல நீங்க வேண்டாம்."

விடைத்தாளைத் திருத்தாமல் பாஸ் போட்டுவிட்டு, திருத்தணும் என்ற டீச்சரை வெளியே அனுப்புவதா?

"விடுங்க அத்தை, நம்ம ஸ்டாப் வந்துடுச்சு" என்றாள்.

நான் விடுவதாக இல்லை. அந்த மனிதர் தன் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்? யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.