W கீயும் ஒரு தடுப்புச் சுவரும்

கணினியில் கட்டட டிராயிங் போடுகிறவனுக்குக் கண்ணைவிட இடது கைதான் முக்கியம் என்பது, இந்தத் தொழிலில் சோறு தின்கிற உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டளையையும் மெனுவில் தேடிக்கொண்டிருந்தால் ஒரு வீடும் முடியாது. அதனால் அவரவர் தோதுக்கு ஷார்ட்கட் எழுத்துகளை மாற்றி வைத்துக்கொள்கிறோம். நிம்மதி போவதும் அங்கேதான்.

இடது பக்கம்

ஐம்பதைத் தாண்டியதும் எனக்கு வலது மணிக்கட்டு மரத்துப்போகத் தொடங்கியது. மவுஸைத் தொடுவதைக் குறைக்க, கட்டளைகளையெல்லாம் கீபோர்டின் இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். C என்றால் நகல். X என்றால் அழிப்பு. W அழுத்தி இரண்டு மூலைகளைத் தொட்டால் அந்த இடம் பெரிதாகத் தெரியும். பழகிய பிறகு, தலை யோசிப்பதற்குள் விரல் போய்விடுகிறது. சரியாகத்தான் செய்தேனா என்று பிறகு உட்கார்ந்து கவலைப்படுவது மட்டும் தலையின் வேலை.

எதிர் மேசைக் கவிதாவுக்கு வீட்டு உள் அலங்கார வேலை அதிகம். அவள் கணினியில் வேறு எழுத்துகள். ஒருநாள் என் கணினியில் உட்கார்ந்து, வட்டம் போட நினைத்து C அழுத்தி, ஒரு வாசற்கதவை ஏழெட்டு இடத்தில் ஒட்டிவிட்டாள். எழுந்துபோகும்போது சொன்னாள்: “ஒங்களுக்கு ஒரு காய்ச்சல்னா இந்த ஆபீசையே பூட்டணும்ண்ணே.”

பஸ்சில்

ஒரு சைட்டைப் பார்க்கப் போடிமெட்டு பஸ்சில் போய்க்கொண்டிருந்தேன். வளைவுகளில் ஏறும்போதெல்லாம் முந்தின நாள் போட்ட மாடிப்படி நினைவுக்கு வந்தது. அகலம் சரியா? அழித்த கோட்டைத் திரும்பப் போட்டேனா? விரல்கள் தாமாகத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த எஸ்டேட் அம்மாள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, காலடியில் இருந்த தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “வாந்தி வர்ற மாதிரி இருந்தா மொதல்லயே சொல்லிருங்கண்ணே.”

கவிதாவின் கணினி

ராஜாமணி ஐயாவுக்குப் போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டம். சரிவை வெட்டி, ஏலக்காய் உலர்த்த ஒரு ஸ்டோர் கட்டுகிறார். வெட்டப்போகும் மண்ணுக்கு நேர் மேலே, தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடுகளான லயம். இடையில் தடுப்புச் சுவர் இல்லாவிட்டால், அடுத்த மழைக்கு லயம் கீழே வந்துவிடும்.

பிரிண்ட் வாங்க அவர் வந்த அன்று என் கணினிக்கு உயிர் இல்லை. கவிதாவும் வெளியே போயிருந்தாள். அவள் கணினியில் உட்கார்ந்தேன். வாசலில் ஜீப்பு ஹாரன் அடித்தது. “வெரசா குடுங்க தம்பி” என்று ஐயா என் முதுகுக்குப் பின்னால் நின்றார். எதற்கும் ஒரு அளவை மறுபடி பார்த்துவிடலாம் என்று, பழக்கத்தில் W அழுத்தி ஒரு மூலையையும், எதிரே வெற்றிடத்தில் இன்னொரு மூலையையும் தொட்டேன். எதுவும் பெரிதாகவில்லை. விட்டுவிட்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

கவிதா திரும்பியதும், அவள் W வேலை செய்யவில்லை என்று குறைசொன்னேன். அவள் முகம் மாறியது. அவளுடைய கணினியில் W அழுத்தி ஒரு கோட்டைத் தொட்டால், அந்த வகைக் கோடுகள் எல்லாம் படத்திலிருந்து மறைந்துவிடும். முதல் மூலை என்று நான் தொட்டது சுவரை. சரிவின் மட்டத்தைக் காட்டும் கோடுகள் நெருக்கமாக ஓடும் படத்தில், இரண்டு கோடு குறைந்தது என் கண்ணில் படவில்லை. திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “சுவரு இல்லாமலா படத்தக் குடுத்துவிட்டீக?”

மேலே

போன் போகவில்லை. மேலே போகும் ஜீப்பு ஒன்றில் தொற்றிக்கொண்டேன். அளவை மறுபடி பார்க்காமல் இருந்திருந்தால் இந்தத் தப்பே நடந்திருக்காது. இவ்வளவு பயந்து நான் யாரைக் காப்பாற்றினேன்?

தோட்டத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள், மண்மேட்டின் அடிவரை. ஜேசிபி உறுமிக்கொண்டு நின்றது. ஐயாவுக்கு ஒரே சந்தோஷம்.

“மொதப் படத்துல சுவரப் போட்டு எடத்த முழுங்கிட்டீக தம்பி. இதுதான் ஒழுங்கா இருக்கு.”

தவறான பட்டனைத் தட்டிவிட்டேன், சுவர் கட்டாயம் வேண்டும் என்றேன்.

“ஒரு பட்டன்ல போற சுவரு என்ன அவசியமான சுவரு?”

“ஒரு நிமிஷம் மேல வாங்கய்யா” என்று லயத்தின் முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஐயா ஓரத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். அவர் செருப்புக்கடியில் ஒரு மண்கட்டி பெயர்ந்து, உருண்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. அவர் பின்னால் நகர்ந்தார். பிறகு ஜேசிபிக்காரனைப் பார்த்து, அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டினார்.

ஜீப்பின் முகப்பில் படத்தை விரித்துப் பேனாவால் சுவரை வரைந்தேன். கோடு நேராக வரவில்லை. அதை மடித்து வாங்கிக்கொண்டே அவர் சொன்னார்: “அந்தப் பட்டன மட்டும் எனக்குக் காட்டி விடுங்க தம்பி, பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலி ஒண்ணு ரொம்ப நாளா உறுத்துது.”

விரல்களுக்கு வேகத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அவை செய்துவைத்ததைத் தேடி மலையேறுவதைத்தான் நாம் தொழில் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.