பத்தாம் நம்பர் சட்டையும் சோப்பக்காவின் சுவரும்

கால்பந்துக் கழகத்து மைதானத்தில், ரசிகர்கள் உட்காரும் கிழக்குக் கேலரிக்கு அடியில் ஒரு சலவை அறை உண்டு. பத்தொன்பது வருஷமாக அது சோப்பக்காவின் ராஜ்யம். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. ஆட்டக்காரர்கள் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் சோப்பக்காதான். காலையில் மெஷினைப் போடுமுன் கண்ணை மூடிக் கடவுளை நினைத்துக்கொள்வாள். அப்புறம்தான் கூடையில் கை வைப்பாள்.

அழுக்குத் துணியை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் அவள். எல்லோரும் சாக்ஸை உருண்டையாகச் சுருட்டி எறிவார்கள். பஸ் ஓட்டும் அவள் புருஷனும் அப்படித்தான். பத்தாம் நம்பர் பையன் மட்டும் சாக்ஸை நேராகத் திருப்பி, ஜோடி சேர்த்துக் கூடையில் வைப்பான். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடும் பையன் அவன்.

கழகத்து முதலாளிக்கு ஒரு பிஸ்கட் கம்பெனியும் இருந்தது. அந்தத் தொழிலாளிகளின் யூனிபாரமும் இதே மெஷினுக்குத்தான் வரும். திங்கட்கிழமை தோறும் எண்ணி, பத்துக்கு ஒரு கோடு என்று கதவுக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் போட்டு வைப்பாள்.

ஒரு வியாழக்கிழமை பேப்பரில் முதலாளியின் பேட்டி வந்தது. பத்தாம் நம்பர் அதிகச் சம்பளம் கேட்டு அடம்பிடித்தானாம், அதனால் வேறு கிளப்புக்குக் கொடுக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தான் அவனுக்குக் கடைசி.

புருஷன் பஸ்ஸில் ஒட்டியிருந்த பையனின் படத்தைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"பாத்தியா உன் செல்லப்பிள்ளையை? துரைக்கு நம்ம காசு பத்தலையாம்!"

"அவன் அப்படிக் கேக்கிற பிள்ளை இல்லைங்க."

"உன்கிட்ட வந்து சொன்னானாக்கும்?"

"அவன் சொல்லல. துணி சொல்லுது."

"ஓகோ, துணி பேசுதா? அப்ப என் சட்டைகிட்டயும் கேளு, எனக்குப் பசிக்குதான்னு."

சிரித்துக்கொண்டே சோறு போட்டாள். அவளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. சுவரில் இருப்பதை வெளியே சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை திருடனைப் போலத் தலைகுனிந்து ஊரைவிட்டுப் போவான். இதைச் சொல்ல எனக்கு ஒரு வாய் கொடு சாமி என்று வேண்டிக்கொண்டு படுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ரசிகர் சங்கத் தலைவர் வந்தார். சைக்கிள் கடை வைத்திருப்பவர். பின்னால் சோப்பக்காவின் புருஷனும் ஒரு பெரிய பேனரைச் சுமந்துகொண்டு வந்தார்.

"அக்கா, இதுல இருக்கிற பழைய எழுத்தைத் துவைச்சு எடுத்துக் குடுங்க. 'காசுக்குப் போனவன்'னு புதுசா எழுதணும். ஞாயித்துக்கிழமை அவன் உள்ள வந்ததும் மொத்தப் பேரும் முதுகைக் காட்டப் போறோம்."

சோப்பக்கா பேனரை வாங்கவில்லை. கதவைச் சாத்தி, அதன் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள்.

"தலைவரே, இதைப் பாருங்க. போன வருஷம் வாரத்துக்கு இருபத்துநாலு கோடு. அப்புறம் பதினெட்டு. அப்புறம் ஒன்பது. இந்த வாரம் மூணு."

"என்ன இது, கோடு கோடா?"

"பிஸ்கட் கம்பெனி யூனிபாரம். வேலைக்கு ஆள் வந்தாத்தானே துணி அழுக்காகும்? கம்பெனி படுத்துடுச்சு. அதைத் தூக்கி நிறுத்தத்தான் முதலாளி பிள்ளையை விக்கிறாரு."

"இதெல்லாம் உன் யூகம்" என்றார் புருஷன்.

"சரி, இது? மூணு வாரம் முன்னாடியே மேனேஜர் வந்து, பத்தாம் நம்பர் சட்டையில பேரைப் பிரிச்சிடு, வெளிய மூச்சு விடாதேன்னாரு. பிரிச்சிட்டு உக்காந்திருக்கேன், மத்தியானம் அந்தப் பிள்ளையே வர்றான். அடுத்த வருஷத்துக்குச் சாக்ஸ் ஒரு சைஸ் பெருசா எடுத்து வைங்க அக்கான்னு கேட்டான். போறவன் கேக்கிற கேள்வியா இது?"

புருஷன் பேனரைத் தரையில் இறக்கி வைத்தார். சோப்பக்கா விடவில்லை.

"வித்ததைத் தப்புன்னு நான் சொல்லல. இத்தனை குடும்பம் பிழைக்கணும்னு வித்தேன்னு சொல்லியிருந்தா ஊரே கும்பிட்டிருக்கும். பிள்ளை தலையில பழியைப் போடலாமா?"

தலைவர் பேனரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "பேனரைத் துவைங்க அக்கா. எழுத வேற விஷயம் கிடைச்சிடுச்சு."

அன்று சாயங்காலம் யாரையும் கேட்காமல், பிரித்த பேரைச் சட்டையில் திரும்பத் தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் வந்தான். கிழக்குக் கேலரி மொத்தமும் எழுந்து முதுகைக் காட்டியது. மைதானத்து ஓரத்தில் நின்ற சோப்பக்காவுக்கு உயிரே போய்விட்டது. என் பேச்சு எடுபடவில்லையே சாமி என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அப்போது பேனர் விரிந்தது. அவர்கள் திரும்பி நின்றது, கேலரிக்கு மேலே இருந்த முதலாளியின் கண்ணாடி அறையைப் பார்த்து! 'கேட்டது அவனா? விற்றது யார்?' என்று ஆளுயர எழுத்து. அடுத்த நொடி எல்லோரும் மைதானத்தின் பக்கம் திரும்பிக் கைதட்டிய தட்டில் சலவை அறையின் ஜன்னல் அதிர்ந்தது.

அதற்குப் பிறகு பையனின் காலில் கடவுளே வந்து இறங்கியதுபோல் இருந்தது. மூன்று கோல்!

ஆட்டம் முடிந்ததும் முதலாளியே இறங்கி வந்து மைக்கைப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவன் கேக்கல. நான்தான் வித்தேன். கம்பெனியில சம்பளம் போட எனக்கு வேற வழி தெரியல. பழியை அவன்மேல போட்டது என் தப்பு. மன்னிச்சிடுங்க."

முதலில் கைதட்டியவர்கள் பிஸ்கட் கம்பெனிக்காரர்கள். அப்புறம் ஊரே பையனைத் தோளில் தூக்கியது.

வியர்வை சொட்டச் சொட்ட அவன் சலவை அறைக்கு வந்தான்.

"என் பேரை யாரு அக்கா திரும்பத் தைச்சது?"

"ஊசிதான்" என்றாள்.

அவன் சிரித்தான். அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தலைநிமிர்ந்து புது கிளப்புக்குப் புறப்பட்டான்.

மேனேஜர் இரண்டு நாள் முறைத்தார், அவ்வளவுதான். வேலை போகவில்லை. அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை சுவரில் பதினோரு கோடு விழுந்தது.

பையனின் படம் திரும்பவும் பஸ்ஸில் ஏறியது. வீட்டுத் துணிக்கூடையைத் திறந்த சோப்பக்கா ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். புருஷனின் சாக்ஸ் நேராகத் திரும்பி, ஜோடி சேர்ந்து படுத்திருந்தது.