பனியன் துணியில் எழுதிய மழை

விஜயராணிக்கு உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனம் வராது. பன்னிரண்டு வருஷம் ஓவர்லாக் தையல் மெஷினை மிதித்த கால்கள். நாசரேத் பக்கத்திலிருந்து, டீச்சர் டிரெய்னிங் முடித்தும் வேலை கிடைக்காமல், இருபது வயதில் திருப்பூருக்குப் பஸ் ஏறியவள். கண்ணில் பூச்சி பறக்க ஆரம்பித்ததும் தையலை விட்டாள். வீரபாண்டிப் பக்கத்து அரசுப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த டீச்சராகச் சேர்ந்தாள். மூன்றாம் வகுப்பு, அறுபத்திரண்டு பிள்ளைகள், ஒரே ஃபேன், அதுவும் சுற்றாது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் மட்டும் அவளுக்குப் பிடிக்கும். அப்போது பிள்ளைகள் சொந்தமாகக் கவிதை சொல்ல வேண்டும். எதுகை மோனையெல்லாம் பார்க்க மாட்டாள். சொன்னது பிடித்திருந்தால் மற்றவர்கள் தரையைத் தட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு ஹெட்மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

2007 ஆண்டு விழாவுக்குக் கவிதைக் கண்காட்சி வைக்கலாம் என்று அவளேதான் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். சார்ட் பேப்பர் பாதிப் பேருக்குக் கூடப் போதவில்லை. “ஊட்ல இருந்து துணி கொண்டாறோம் டீச்சர்” என்று பிள்ளைகளே வழி சொன்னார்கள். அந்த ஊரில் துணிக்கு என்ன பஞ்சம்? ஆளுக்கொரு பனியன் துண்டு கொண்டுவந்து மார்க்கரில் எழுதினார்கள். வராந்தாவில் நைலான் கயிறு கட்டி கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள்.

விழாவுக்கு முந்தின நாள், தலைமை தாங்கப்போகிற திருமூர்த்தி ஏற்பாடுகளைப் பார்க்க வந்தார். நல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். தன்மையான மனிதர். கயிற்றோரமாக ஒவ்வொன்றையும் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தவர், கடுகு மஞ்சளில் பச்சைக் கோடு போட்ட துணி ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். அதை அவர் படிக்கவில்லை. விரலால் துணியைத் தேய்த்தார். இழுத்துப் பார்த்தார்.

“ஏனுங்க டீச்சர், இது எங்க கம்பெனித் துணியாச்சுங்களே. இந்தக் கலரு இந்த ஆர்டருக்குன்னே சாயம் போட்டதுங்க. இன்னும் கப்பலே ஏறலீங்க. இது யாரு எழுதுனதுங்க?”

விஜயராணிக்குப் புரிந்துவிட்டது. அவளும் கம்பெனியில் இருந்தவள்தானே. வேலையைக் கம்பெனிக்கு வெளியே வீடுகளுக்குக் கொடுப்பதில்லை என்று முதலாளி, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு எழுதிக் கொடுத்திருப்பார். அவசரமென்றால் சூப்பர்வைசர் காதும் காதும் வைத்தாற்போல் மூட்டை கட்டி, நூல் பிசிறு வெட்ட வீடுகளுக்கு அனுப்புவார். அப்படி ஒரு மூட்டையோடு வந்த, ரிஜெக்ட் ஆன பனியன் கைத் துண்டு அது. எழுதியது அவள் வகுப்புச் சித்ராதேவி. அவள் அம்மா ஒச்சம்மாளுக்கு அந்த மூட்டைதான் பிழைப்பு. பெயரைச் சொன்னால் நாளைக்கே நின்றுவிடும்.

சித்ராதேவி தூணோரம் நின்று, ‘நான்தான்’ என்று சொல்லக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

“நான்தான் சார் எழுதுனேன்” என்றாள் விஜயராணி அவசரமாக. “பிள்ளையளுக்கு மாதிரி காட்டணும்லா. துணி ரோட்டுல கெடந்துச்சு.”

“வேஸ்ட் வண்டில இருந்து உழுந்திருக்குமாட்ட இருக்குதுங்க.” அவர் முகம் தெளிந்தது. அப்புறம்தான் கவிதையைப் படித்தார். “அட, நல்லாத்தான் எழுதறீங்க! விழாவுல இதைய நீங்களே படிச்சிருங்க. துணிய மட்டும் நான் எடுத்துக்கறனுங்க. பையரு ஆளுக சுத்தீட்டிருக்கற நேரம்.” மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தூக்கிய கை எப்போது இறங்கியது என்று விஜயராணி பார்க்கவில்லை.

சாயங்காலம் பள்ளி கேட்டருகே ஒச்சம்மாள் காத்திருந்தாள்.

“நல்ல காரியம் பண்ணுனீக டீச்சரு. எம்பொழப்பக் காப்பாத்திட்டீக.”

“பிள்ள என்ன சொல்லுதா?”

“உர்ர்ருன்னு கெடக்கா. அவ எழுதுனா என்ன, நீங்க எழுதுனா என்ன? மழை எல்லாத்துக்கும்தான பெய்யிது? விடுங்க.”

பேசினால் இன்னும் களைப்பு கூடும் போலிருந்தது. “சரி, போங்கக்கா” என்றாள்.

மறுநாள் மேடையில் திருமூர்த்தியே மைக்கில் அழைத்தார். “நம்ம டீச்சரம்மா எழுதுன கவிதைங்க. எல்லாரும் கேக்கோணும்.” அவள் நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து மைக்குக்குப் போனாள். மூன்றாம் வகுப்பு முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தது. சித்ராதேவி எங்கே என்று தேடாமல் இருக்கப் பார்த்தாள்.

“மேகமெல்லாம் பனியன் துணி.
யாரோ வெட்டி வெட்டிப் போடுறாங்க.
பிசிறு விழுந்தா மழை...”

கடைசி வரி வரவில்லை. நூறு தடவை படித்ததுதான். மைக் கொர்ரென்றது. பின்னால் யாரோ இருமினார்கள்.

“எங்க வீட்டு மேல மட்டும் இன்னும் வெட்டல!”

கீழேயிருந்து வந்தது குரல். சித்ராதேவி எழுந்தே நின்றுவிட்டாள். அழவில்லை, கோபமாகவும் இல்லை. கவிதை பாதியில் நிற்பதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை போலும்.

திருமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். “பாருங்க, டீச்சரு எழுதுனத இந்தப் புள்ள மனப்பாடமே பண்ணிப் போட்டுது!”

பிள்ளைகளுக்கு அந்த வரி பிடித்துவிட்டது. மூன்றாம் வகுப்பு தரையைத் தட்ட, மற்ற வகுப்புகளும் சேர்ந்துகொண்டன. சித்ராதேவி உட்காராமல், யாரைப் பார்த்துத் தட்டுகிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தாள்.

விஜயராணி மைக்கைப் பிடித்தபடி சத்தம் அடங்கக் காத்திருந்தாள். பிறகு அந்தக் கடைசி வரியை, பிள்ளை சொன்ன மாதிரியே, அவளைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள்.