பாதி ஹதீஸ்

நிந்தவூரில் பிரதான வீதியை ஒட்டித்தான் றாஹிலாவின் வீடு. முன்னறையில் தையல் மெஷின், பக்கத்தில் தைத்து முடித்த அபாயாக்கள், மெஷினுக்கடியில் சீனி என்ற வெள்ளைப் பூனை. கணவர் கத்தாரில். பிள்ளைகள் இல்லை. அவளுக்குப் பூனைதான் பிள்ளை என்று ஊரில் நாலுபேர் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், பெருநாளைக்கு முன்னர் அபாயா தைக்க அவளிடம்தானே வர வேண்டும்.

சீனிக்கு முன்னர் வளர்த்த இரண்டு பூனைகளும் வாசலுக்கு நேரே ரோட்டில்தான் அடிபட்டுப் போயின. ஒன்று அக்கரைப்பற்று பஸ்ஸில், மற்றது ஆட்டோவில். இரண்டு தடவையும் பழைய சாக்கை எடுத்துக்கொண்டு அவள்தான் ஓடினாள். அவள் ரோட்டில் குனிந்து நின்றபோது ஹோன் அடித்தார்களே தவிர, இறங்கி வந்து ஒருத்தன் ஒரு கை பிடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சீனியை வெளியே விடுவதில்லை என்று முடிவெடுத்தாள். ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடித்தாள். தினமும் மீன்காரரிடம் சூடை மீன் வாங்கி, அவித்து, முள் எடுத்துக் கொடுத்தாள்.

ரோட்டில் செத்த பூனைகளுக்காக வாய் திறக்காத ஊர், வீட்டுக்குள் உயிரோடு இருந்த பூனைக்காகக் கூடிக் கூடிக் கவலைப்பட்டது. அதில் முதல் ஆள் பக்கத்து வீட்டு அப்துல் ஸமட். நெல் வியாபாரி, றாஹிலா காக்கா என்று கூப்பிடும் அண்ணன் முறை. பள்ளியில் எந்தத் தொழுகைக்கும் முன்வரிசையில் நிற்கிறவர்.

"பூனையக் கட்டி வெச்ச பொம்புள நரகத்துக்குப் போன ஹதீஸ் தெரியாதா புள்ள? தொறந்து உடு" என்றார் ஒருநாள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.

"அவ சாப்பாடும் குடுக்கல்ல, வெளிய போய் புழுபூச்சியத் திண்டு பிழைக்கவும் உடல்ல. அதுக்குத்தான் அந்தத் தண்டனை. முழுசாச் செல்லுங்க காக்கா. என்ட சீனி எனக்கு முந்திச் சாப்பிடுது."

"பொம்புளயள் நமக்கு ஹதீஸ் செல்லித் தார காலம்" என்று சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார். றாஹிலா மதரஸாவில் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்த நபிமொழி அது.

போன மாதம் வரிப்பத்தான்சேனையில் கூடப்பிறந்த ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம். இரண்டு நாள் தங்க வேண்டும். வீட்டுச் சாவியை ஸமட்டின் மனைவி ஆமினா உம்மாவிடம் கொடுத்து, அவித்த மீன் எங்கே இருக்கிறது என்று காட்டி, கதவைத் திறந்து வைக்க வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. ஸமட் காக்கா வாசலிலேயே நின்றார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

"நாந்தான் தொறந்து உட்டன். ஒரு ஜீவனுக்கு விடுதல குடுத்த நன்மை உனக்கும் சேரும் தங்கச்சி."

பைகளைக் கீழே போட்டுவிட்டுத் தேடினாள். ரோட்டில் இல்லை. மதிலோரம் இல்லை. ஸமட் நெல் மூட்டை அடுக்கும் அறையின் பின்புறத்தில் சீனி விறைத்துக் கிடந்தது. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. பக்கத்தில் பாதி தின்ற எலி.

மூட்டைகளை எலி வெட்டுகிறதென்று அந்த அறைக்குள் மருந்து வைத்தவர் ஸமட்தான். வைத்து மூன்று நாள்கூட ஆகவில்லை. பூனையைத் திறந்துவிட்டபோது அது அவருக்கு நினைவே வரவில்லை. நன்மை தேடுகிற அவசரத்தில் எதுதான் நினைவுக்கு வரும்!

"எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்றார் அவர், தாடியைத் தடவியபடி.

"மௌத்தாப் போறது அல்லாஹ்ட நாட்டந்தான் காக்கா. மருந்து வெச்சது ஆரு? கதவத் தொறந்தது ஆரு?"

ஆமினா உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். றாஹிலா அழவில்லை. சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இஞ்ச, ஒங்கட வளவுக்குள்ளயே குழி வெட்டுங்க."

தொழுகைக்கு உடுத்த வெள்ளைச் சாரனோடு அவர் வெட்டினார். முழங்கால் அளவு வந்ததும் நிமிர்ந்து, மூச்சு வாங்கியபடி, "போதுமா தங்கச்சி?" என்று கேட்டார்.

"காணாது. அந்த எலியையும் சேத்துப் புதைக்கணும். இல்லாட்டி, ஆராச்சும் நன்மைக்குத் தொறந்து உட்ட இன்னொரு பூனை வந்து திண்ணும்."