போட்டோவுக்கு நின்ற பதினோரு பிள்ளைகள்

தின்றிருந்தால் அவள் உடம்பில் கொஞ்சம் சதையாவது பிடித்திருக்காதா? வெளிநாட்டுத் துட்டை விழுங்கிவிட்டு சம்பூர்ணம் ஓடிப்போனாள் என்று மீன் ஏலத்தில் நின்று பேசுகிறவர்கள், பழவேற்காட்டு ஏரியைக் கேட்டுவிட்டுப் பேசட்டும். ஒரே மழைக்காலத்தில் இந்தக் குப்பத்தில் மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோன ஏரி அது. மூன்றும் தவழ்கிற வயசு.

பெண்கள் விடியலிலேயே கூடை தூக்கிப் பொன்னேரிக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. காசிமேட்டுக்கு வேலை தேடிப் போன புருஷன் திரும்பாமல் ஒண்டியாகக் கிடந்த சம்பூர்ணம்தான், "எங்கிட்ட வுட்டுட்டுப் போங்கடி" என்றாள். பதினோரு பிள்ளைகள் சேர்ந்தன. தாய்மார் கொடுத்த ஆளுக்கொரு கை மீனை விற்றுக் கஞ்சி காய்ச்சினாள். அறுபத்தொன்பதாம் வருஷம் முகத்துவாரத்தை மணல் அடைத்தது. மீன்பாடு குறைந்தது. தாய்மார் கொடுத்த கை மீன் நின்றது, கஞ்சியும் நின்றது.

அரிசி மில் முதலாளியிடம் போனாள். "அமாவாசைக்கு வா, பாக்கலாம்" என்றார். ஐந்து அமாவாசை போயிற்று. பிறகுதான் வெளிநாட்டு உதவி வாங்கித்தரும் பட்டணத்துத் தரும சங்கத்துக்கு மனு எழுதுவித்தாள். பிள்ளைகளின் போட்டோ வேண்டும் என்று பதில் வந்தது.

போட்டோ என்றதும் குப்பமே குளித்தது. எண்ணெய் தடவி, பவுடர் அப்பி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். இரவல் சங்கிலிகூடப் போட்டார்கள். செங்கம்மாள் தன் மகள் சின்னப்பொண்ணுக்குத் தாழம்பூ வைத்துப் பின்னினாள்.

சங்கத்துக் குமாஸ்தா ஜெயராஜ் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, கல்யாண ஊட்டு போட்டோவா? இதப் பாத்தா எவன் டப்பு குடுப்பான்?"

"போட்டோன்னா நல்ல துணி கட்டிக்கினுதானே சார் நிப்பாங்க?"

"மூக்கு ஒழுகணும், எலும்பு தெரியணும். அப்டி எடுத்துக்கினு வா."

சம்பூர்ணம் தாய்மாரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒருத்தியும் சம்மதிக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் கூடையோடு போனபிறகு சட்டைகளைக் கழற்றி, பிள்ளைகளைச் சேற்றோரம் நிற்கவைத்தாள். போட்டோக்காரர் எடுத்து முடிக்கும்வரை ஏரிப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதவி வந்தது. பால் பவுடர் டின்கள் வந்தன. இரண்டு மாசம் பிள்ளைகள் வயிறாரக் குடித்தார்கள். அதற்குப் பிறகு சங்கத்தின் புத்தகம் ஒன்று தபாலில் வந்தது. அட்டையில் சின்னப்பொண்ணு அம்மணமாக நின்றாள்.

"உம் வயித்துல பொறந்திருந்தா இப்டி நிக்க வச்சிருப்பியாடி?" என்று செங்கம்மாள் புத்தகத்தை முகத்தில் எறிந்தாள். "நாங்க மீன் விக்கிறோம். நீ எங்க புள்ளைங்களையே வித்துட்ட."

"பசிச்சுதுக்கா."

"பசிக்கட்டும். எங்கூட்டுக்குள்ள பசிச்சா எவனுக்குத் தெரியும்?"



மறுநாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. அவள் பாலைக் கரைத்துத் தூக்குவாளியில் ஊடு ஊடாகக் கொண்டுபோனாள். எல்லாப் படலும் சாத்தியிருந்தது. எட்டு நாள் அப்படிக் கரைத்து, எட்டு நாளும் நாய்க்கு ஊற்றினாள்.

ஒன்பதாம் நாள் பிரிக்காத டின்களைச் சுவரோரம் அடுக்கினாள். மாற்றுப்புடவையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே செங்கம்மாள் ஊட்டுக் கம்பத்தில் சின்னப்பொண்ணை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். சம்பூர்ணத்தைக் கண்டதும் குழந்தை இரண்டு கையையும் நீட்டியது. சம்பூர்ணம் தூக்கவில்லை. கம்பத்திலிருந்து தண்ணீர்வரை அடியெடுத்து அளந்து பார்த்தாள். கயிறு எட்டாது. படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.